ஒபரேஷனுக்குப் பிறகு மலையேற: நிமிடத்தை விட படிக்கட்டை எண்ணுங்கள்

வயிற்றில் ஒபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பும்போது "மெல்ல நடங்க" என்பார்கள். ஹட்டன் பக்கமோ பதுளைப் பக்கமோ லயத்தை விட்டு வெளியே வந்தால் சமதரை ஏது? பத்து நிமிட நடை என்றாலே பாதி ஏற்றம், பாதி இறக்கம். அதனால்தான் இங்கே படிக்கட்டை எண்ண வேண்டும் என்கிறோம். இந்த முறை குடலிறக்கம், குடல்வால், சிசேரியன் போன்றவற்றுக்கு. முழங்கால், இடுப்பு ஒபரேஷனுக்கு இது பொருந்தாது.

வார்டை விட்டு வருமுன்

எத்தனை கிழமை பாரம் தூக்கக் கூடாது, தையல் எப்போது வெட்டுவது, வேலைக்கு எப்போது போகலாம் என்று மூன்றையும் கேட்டு, துண்டில் எழுதி வாங்குங்கள். தோட்டத்தில் லேசான வேலை கேட்க அந்தத் துண்டு வேண்டும். டொக்டர் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் வந்தால் டொக்டர் சொன்னபடியே செய்யுங்கள்.

முதல் நாட்கள்

விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழுமாக 15 தடவை அசையுங்கள். அசையாத காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும். எழும்பும்போது நேராக நிமிராமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழும்புங்கள். இருமல் வந்தால் சின்னத் தலையணையை வெட்டுக்காயத்தின் மேல் அழுத்திக்கொண்டு இருமுங்கள்.

பிறகு லயத்து வாசலிலேயே நீளவாட்டில் நடை: ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. நடந்துகொண்டே ஒரு முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி. வார்த்தை உடைந்தால் குறையுங்கள். ரயில் பாதையில் நடக்க வேண்டாம். சிலிப்பர் கட்டைகளின் இடைவெளி உங்கள் எட்டுக்கு ஒத்துவராது, அதில் தடுக்கி விழுந்தால் தையலுக்குத்தான் கேடு.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், காயம் சிவந்து சீழ் வைத்தால், காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால், அன்றே ஆஸ்பத்திரி. திடீரென மூச்சு முட்டினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

படி ஏறுதல்

சமதரையில் 15 நிமிடம் வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகே தொடங்குங்கள். முதல் நாள் 10 படி. காலை ஊன்றி ஏறும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்தால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, தைத்த இடத்தை அது தள்ளும். இரண்டு நாளைக்கு ஒருமுறை 5 படி கூட்டலாம்.

பலர் ஏமாறுவது இறக்கத்தில். வீடு மேலே, ரோடு கீழே என்றால் போகும்போது எல்லாம் லேசாக இருக்கும். களைத்துத் திரும்பும்போதுதான் ஏற்றம். இறங்கின படியெல்லாம் ஏற வேண்டிய படி என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். இறக்கம் தொடையையும் பிடிக்கும், அந்த வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும். அது தசைவலிதான், பயம் வேண்டாம். மழை நாளில் பாசி பிடித்த படியை விட்டுவிட்டு வாசலிலேயே நடங்கள்.

பாரம்

மூன்றாம் கிழமையில் வலி போய்விடும், ஆபத்தும் அங்கேதான். தோல் மூடியிருக்கும். உள்ளே காயத்தின் பலம் அப்போது பழையதில் மூன்றில் ஒரு பங்கு கூட இராது, தேறிவர மாதக்கணக்காகும். டொக்டர் பாரத்துக்கு அனுமதி தந்ததும் 2 லீற்றர் தண்ணீரில் தொடங்குங்கள், அது 2 கிலோ. ஒரு கையில் தொங்கவிடாமல் இரண்டு கைக்கும் பிரியுங்கள். கொழுந்துக் கூடையும் விறகும் கடைசியாகத்தான். மழையில் நனைந்த கொழுந்து அதே அளவுக்கு அதிகம் நிறுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பின்னுக்குப் போனால்

தடிமன், மூன்று நாள் அடைமழை, திருவிழாவில் அதிகம் நின்றது என்று ஏதோ ஒன்று வந்தே தீரும். மறுநாள் காலையில் காயத்துப் பக்கம் முன்னைவிட வலித்தால், இரண்டு நாளைக்கு முன் செய்த அளவுக்கு இறங்குங்கள். மூன்று நான்கு நாள் விட்டுப்போனால் பாதியில் தொடங்குங்கள். ஒரு கிழமைக்கு மேல் என்றால் மறுபடி வாசல் நடைதான். விட்டதை ஒரே நாளில் பிடிக்கப் பார்ப்பவர்களே திரும்பவும் படுக்கிறார்கள்.

வலிக்குளிசை சிலருக்கு மலச்சிக்கல் தரும். குந்தி உட்கார்ந்து முக்குவதும் பாரம் தூக்குவதைப் போலத்தான், ஆகவே தண்ணீர், கீரை, பப்பாசி கூட்டுங்கள்.

காயம் நன்றாக இருந்தும் அதே 20 படியில் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம், சிசேரியன் ஆனவர்களுக்கு முக்கியமாக. கிளினிக்கில் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புக் குளிசை தந்தால் பிளேன்டீயோடு விழுங்க வேண்டாம். தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது. குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள்.