பெரிய ரிம்மும் பதிந்த காரும்: வெறும் காரை அளந்து ஏமாறாதீர்கள்

"ஸ்பிரிங்கில ஒரு சுத்து வெட்டினாக் காணும் தம்பி, பிறகு பாருங்கோ வடிவை" என்றார் பாஸ். பெரிய ரிம் போட்ட என் காரைப் பதிக்கத்தான் கராஜ்காரரின் இந்த யோசனை. நானும் தலையாட்டினேன். சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, அக்கா, அவவின் இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கோணேசர் கோவிலுக்கு வெளிக்கிட்டேன். கோட்டை வாசலைத் தாண்டி ஏற்றத்தில் திருப்பும்போது பின்பக்கத்தில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால், மட்கார்ட்டின் உள் மடிப்பு புது டயரின் தோளைக் கத்தி மாதிரிச் சீவியிருந்தது.

கராஜில் அளந்தது வெறும் காரை. வீதியில் ஓடியது ஐந்து பேர் ஏறிய காரை. நான் விட்ட பிழை அதுதான். அதற்குப் பிறகு பெரிய ரிம் போடவோ காரைப் பதிக்கவோ யார் ஆலோசனை கேட்டாலும் முதலில் ஆட்களை ஏற்றிவிட்டு அளக்கச் சொல்கிறேன். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரின் காற்று கூடிக் குறைந்தால் கணக்கு மாறும். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளவுநாடா பிடியுங்கள். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஒரு சில்லை மட்டும் வீதியோரக் கட்டின்மேல் ஏற்றி இன்னொருதரம் பாருங்கள். இதெல்லாம் ரிம் வாங்க முன்னம்.

பெரிய ரிம் போட்டால் கார் உயரும், ஆகவே இறக்கத்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டயரில் எழுதியிருக்கும் முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 195/65R15 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீற்றர். 225/45R17 டயருக்கும் அதே அளவுதான். கார் ஒரு நூலும் உயராது. குறைவது டயரின் பக்கச்சுவர்: 127 மில்லிமீற்றரிலிருந்து 101 ஆக. பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றும் ரப்பர் அவ்வளவால் போய்விட்டது. அதற்கு மேல் ஸ்பிரிங்கையும் கட்டையாக்கினால் அடி முழுவதும் ரிம்முக்கும், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷொக்குக்கும்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று 215/55R17 வாங்கினால் விட்டம் 5 வீதம் கூடும். மீற்றர் 70 காட்டும்போது கார் 73 தாண்டி ஓடும்.

அகலத்தையும் மறக்கக்கூடாது. 195 இலிருந்து 225 என்றால் வெளிப்பக்கம் 15 மில்லிமீற்றர் கூடுகிறது. ரிம்மின் ஒஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பூட்டப்படும் முகத்துக்கும் இடையிலான தூரம், 45 இலிருந்து 35 ஆனால் இன்னொரு 10. என் டயரைச் சீவியது இந்த 25 தான். சில கராஜ்களில் மட்கார்ட் மடிப்பைச் சுத்தியலால் அடித்து மடித்துத் தருவார்கள். பெயின்ட் வெடித்த இடத்தில் நம் கடல்காற்று என்ன செய்யும் என்று திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி வெட்டுகிற கதை. வெட்டிய ஸ்பிரிங் கட்டையாவது மட்டுமில்லை, விறைப்பாகவும் ஆகிறது. வேலை செய்கிற ஆறு சுற்றில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 20 வீதம் கூடும். பழைய ஷொக்கால் அந்தத் துள்ளலைப் பிடிக்க முடியாது. காரை ஜக்கில் தூக்கினால் ஸ்பிரிங் தான் பதிந்திருக்கும் இடத்தை விட்டுக் கழன்று ஆடும். காஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது அதைவிட மோசம், உருக்கின் பதமே போய்விடும். காசு இருந்தால் ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தின செட்டாக வாங்குங்கள். இல்லாவிட்டால் இறக்காமல் விடுங்கள், வெட்கமில்லை.

செட் போட்டவர்களும் ஓரிடத்தில் தவறுவார்கள். கார் ஜக்கில் தொங்கும்போதே சில்லைத் தாங்கும் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை இறுக்கிவிடுவார்கள். கார் கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்குப்பட்டபடியே நிற்கும், கொஞ்ச நாளில் கிழியும். சில்லுகள் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு.

சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் எலைன்மென்ட் வேலையைப் "பிறகு பார்க்கலாம்" என்றால் டயரின் உள்விளிம்பு தேயும். வெளியே நின்று பார்ப்பவருக்கு டயரின் பூ (வெட்டு வரிகள்) புதிதாகத் தெரியும், உள்ளே கம்பி எட்டிப் பார்க்கும். முன்விளக்கின் உயரத்தையும் அன்றே சரிபார்த்துவிடுங்கள்.

ரிம்மின் நடு ஓட்டை, சில்லு பூட்டப்படும் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவளையம் போடாமல் பூட்டாதீர்கள், ஸ்டியரிங் நடுங்கும். நட்டின் இருக்கையும், அதாவது ரிம்மில் பதியும் முகமும், ரிம்மோடு பொருந்த வேண்டும். கூம்பு இருக்கைக்குத் தட்டை நட்டுப் போட்டால் மெல்லக் கழரும். டயரில் எழுதியிருக்கும் பாரக் குறியீட்டையும் பாருங்கள்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். பழையதைவிடக் குறைந்ததை வாங்க வேண்டாம். இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கழற்றிய பழைய நட்டுகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். ஸ்பெயார் சில்லு பழைய இரும்பு ரிம்தானே, அதற்கு அவைதான் சரிவரும். இரண்டு பலகைத் துண்டும் டிக்கியில் கிடக்கட்டும். குச்சவெளி தாண்டி புல்மோட்டை வீதியில் காற்றுப் போனால், பதிந்த காருக்குக் கீழே ஜக் நுழையாது. மெல்லப் பலகையில் ஏற்றிவிட்டுத்தான் ஜக்கை வைக்க முடியும்.