பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் முன்: மருத்துவத் துறையில் உங்களுக்கான வேலையைத் தேடுவது எப்படி?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வீட்டில் நடக்கிற பேச்சு எல்லோருக்கும் தெரியும். "பயாலஜி குரூப் எடு, டாக்டருக்குப் படிக்கலாம்." நீட்டில் மார்க் வந்தால் டாக்டர், வராவிட்டால் ஏதோ ஒரு டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற எத்தனையோ வேலைகள் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் என்பதால் வருடா வருடம் இதைப் பார்க்கிறேன். கவுன்சலிங்கில் இடம் தேர்வு செய்ய வேண்டிய அன்றைக்குத்தான் போன் வரும்: "மிஸ், ரெஸ்பிரேட்டரி தெரபின்னா என்ன? எடுக்கலாமா?" அரை மணி நேரத்தில் முடிவு செய்யக்கூடிய விஷயமா அது?

அந்தக் கேள்விக்கு நீங்களே முன்கூட்டி விடை தேடிக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம். பிளஸ் ஒன் சேர்ந்தவர்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. ஒரு நோட்டும் சில சனிக்கிழமைகளும் போதும். தமிழ்நாட்டு மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: ஒரு நோயாளியின் பின்னாலேயே போங்கள்

வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ சர்க்கரை இருக்கும். அடுத்த முறை அவர்கள் ஜி.எச்.சுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகும்போது துணைக்குப் போங்கள். அவர்களை யார் யார் தொடுகிறார்கள், யார் யார் பேசுகிறார்கள், அவர்களுக்காக யார் எழுதுகிறார்கள் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

ஓ.பி. சீட்டு போடுபவர். பிரஷர் பார்த்து எடை எடுக்கும் செவிலியர். ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் லேப் டெக்னீஷியன். டாக்டர். மாத்திரையை எண்ணிக் கொடுத்து, "இது சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று சொல்லும் மருந்தாளுநர். பெரிய மருத்துவமனையாக இருந்தால் பட்டியல் நீளும். உணவு ஆலோசகர் இருப்பார். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று பார்க்கக் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள், அங்கே ஆப்டோமெட்ரிஸ்ட் இருப்பார். நெஞ்சு வலி என்றால் இ.சி.ஜி., எக்கோ எடுப்பவர். கால் புண் ஆறி நடை தளர்ந்திருந்தால் பிசியோதெரபிஸ்ட். சிறுநீரகம் பழுதாகிவிட்டால் டயாலிசிஸ் டெக்னீஷியன். காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டரில் ஒருவர், பழைய கோப்பை எடுத்துத் தரும் ஆவணப் பிரிவில் ஒருவர்.

ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் இதே துறைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கும் தன்னார்வலர், படுக்கையில் கிடப்பவருக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட், தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியர், 2008-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 108 ஆம்புலன்ஸின் பின்பக்கம் உட்கார்ந்து வரும் அவசர மருத்துவ உதவியாளர், எல்லோரையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே ஒரு சர்க்கரை நோயாளியை வைத்தே நோட்டில் ஒரு பக்கம் நிறைந்துவிடும். அதில் டாக்டர் என்பது ஒரு வரி. உயர்ந்த வரிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வரி.

படி 2: உங்களையே நாலு கேள்வி கேளுங்கள்

நாள் முழுக்க நோயாளியோடு பேசப் பிடிக்குமா, இயந்திரத்தோடு வேலை செய்யப் பிடிக்குமா? இரவுப் பணி உடம்புக்கு ஒத்துவருமா? ரத்தம், சீழ், வாந்தி பார்த்தால் என்ன ஆகிறது? சம்பாதிக்கத் தொடங்கும்வரை எத்தனை வருடம் வீடு தாங்கும்?

மூன்றாவது கேள்வியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதல் தடவை தலை சுற்றியவர்கள் பலர் பிறகு நல்ல செவிலியர் ஆகியிருக்கிறார்கள். நாலாவது கேள்விக்குத்தான் பெற்றோரோடு உட்கார்ந்து நேர்மையாகப் பதில் எழுத வேண்டும். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதன் மேல் ஒரு வருடம் பயிற்சி, பிறகு மேற்படிப்பு. பி.எஸ்சி. நர்சிங் நாலு வருடம். ஜெனரல் நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம். மருந்தாளுநருக்கான டிப்ளமோவான டி.ஃபார்ம். இரண்டு வருடம். தம்பி, தங்கை படிக்க வேண்டிய வீட்டில் இந்த எண்கள்தான் பல சமயம் முடிவைச் சொல்லும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 3: குரூப்

மருத்துவத் துறை என்று பொதுவாக நினைத்தாலே இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கிற குரூப்பை எடுங்கள். தாவரவியல், விலங்கியல் எனப் பிரித்துப் படிக்கும் குரூப்பும் சரிதான். கணக்கும் சேர்ந்த குரூப்பை எடுத்தால் பொறியியல் வாசலும் திறந்திருக்கும். ஆனால் நாலு பாடத்தையும் தூக்கிச் சுமக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். டி.ஃபார்ம்., பி.ஃபார்ம். இரண்டுக்கும் இயற்பியல், வேதியியலோடு கணக்கோ உயிரியலோ ஒன்று இருந்தால் போதும். ஸ்கேன் இயந்திரம், வென்டிலேட்டர் போன்றவற்றை வடிவமைத்துப் பராமரிக்கும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்குக் கணக்குதான் வேண்டும். உயிரியலைக் கூடுதல் பாடமாகப் பிறகு எழுதி நீட்டுக்கு வரும் வழியும் 2023-இல் திறந்திருக்கிறது. சுற்றுவழி அது. இப்போதே தெரிந்திருந்தால் நேர்வழியில் போய்விடலாம்.

படி 4: எந்தப் படிப்புக்கு எந்த வாசல்?

குழப்பம் அதிகம் இங்கேதான். நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள்.

இடப்பக்கம் நீட் கட்டாயமான படிப்புகள்: எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதா, யுனானி, ஹோமியோபதி. சித்தாவுக்கு நீட் வேண்டாம் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள், வேண்டும். நீட் 720 மார்க். 180 கேள்விகளில் 90 உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும் 45, 45. தமிழிலும் எழுதலாம். சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

வலப்பக்கம், தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்த்துவந்திருக்கும் படிப்புகள்: பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம், கார்டியாக் டெக்னாலஜி, ஆப்டோமெட்ரி, பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சி, இதய அறுவை சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷன். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கித் தரவரிசைப் பட்டியல் போடும். கால்நடை மருத்துவத்தில் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்கைத்தான் பார்த்துவந்திருக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு நீட்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிசியோதெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்ய நோயாளியைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, லேப், ரேடியாலஜி போன்ற துறைகளை நாடு முழுக்க ஒழுங்குபடுத்த 2021-இல் சட்டம் வந்து தனி ஆணையம் அமைந்துவிட்டது. பாடத்திட்டம், படிப்புக் காலம், சேர்க்கை முறை எல்லாமே மாறிக்கொண்டிருக்கின்றன. உங்கள் அக்கா சேர்ந்த வருடத்து விதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். நீங்கள் சேரும் வருடத்தின் விளக்கக் குறிப்பேட்டைத் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் இறக்கி வரிவரியாகப் படியுங்கள். ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு விதிகள் தனி.

கோட்டுக்கு இரண்டு பக்கமும் வராத வழிகளும் உண்டு. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறது. பார்வை பரிசோதனை, கண்ணாடி அளவு, தியேட்டர் உதவி என்று அங்கே நடக்கும் வேலையின் பெரும்பங்கு அவர்கள் கையில்தான். அங்கே டாக்டர் இவ்வளவு அறுவை சிகிச்சை செய்ய முடிகிறதென்றால் காரணம் இந்தப் பெண்கள்.

படி 5: வேலையைக் கிட்டத்தில் பாருங்கள்

இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். பட்டியலிலிருந்து மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். சொந்தத்திலோ தெருவிலோ அந்த வேலை செய்பவர் யாராவது இருப்பார். இல்லாவிட்டால் பள்ளி மூலமாக ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அருகிலுள்ள சுகாதார நிலையத்தை அணுகலாம். பிளஸ் டூவில் 'நான் முதல்வன்' திட்டத்தின் வழிகாட்டல் வகுப்பு நடக்கும்போதும் கேளுங்கள்.

என்ன பார்ப்பது? லேபையே எடுத்துக்கொள்வோம். ரத்தம் எடுப்பது ஊசி குத்துவது மட்டும்தானே என்று தோன்றும். டெக்னீஷியனின் கையைக் கவனியுங்கள். முதலில் நோயாளியிடமே பெயரைச் சொல்லச் சொல்வார், "நீங்க லட்சுமியா?" என்று கேட்க மாட்டார், ஏனென்றால் காது கேட்காதவரும் தலையாட்டிவிடுவார். பிறகு மூடியின் நிறம் பார்த்துக் குழாயை எடுப்பார். ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடி, சர்க்கரைக்குச் சாம்பல் மூடி, ரத்தம் உறையும் நேரம் பார்க்க இளநீல மூடி. ஒவ்வொன்றின் உள்ளேயும் வேறு வேறு வேதிப்பொருள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் ஏறியதும் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலப்பார். எந்தக் குழாயானாலும் வேகமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அப்படி உடைந்த ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தால் இல்லாத அளவு கூடுதலாகக் காட்டும், அந்தப் பொய் எண்ணை நம்பி மேலே ஒரு டாக்டர் மருந்து எழுதக்கூடும். லேபிளை எப்போதும் நோயாளி எதிரிலேயே ஒட்டுவார். இந்தக் கவனத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு ஆர்வம் வந்தால் லேப் உங்கள் இடம். கொட்டாவி வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் நல்ல தகவல்தான்.

பார்க்கப் போகும் இடத்தில் போன் பையிலேயே இருக்கட்டும். போட்டோ கூடாது. நோயாளியின் பெயரையோ நோயையோ வெளியில் வந்து யாரிடமும் சொல்லக் கூடாது, அம்மாவிடம்கூட.

அவர்களிடம் கேட்க வேண்டியவை: ஒரு நாளில் அதிக நேரம் எதில் போகிறது? எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள்? மாதத்தில் நைட் டியூட்டி எத்தனை? வேலைக்குச் சேர்ந்தபோது கையில் வந்த சம்பளம் எவ்வளவு, இப்போது எவ்வளவு? மறுபடியும் பதினேழு வயது என்றால் இதையே எடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் யோசித்துச் சொல்லும் பதிலை அப்படியே எழுதுங்கள்.

படி 6: முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள்

பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ் இருந்தால் சேருங்கள். இதயம் நின்றுவிட்டவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியான சி.பி.ஆர். பயிற்சி எங்கே நடந்தாலும் போங்கள். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. புத்தகத்தில் இது ஒரு வரி. பொம்மை மேல் இரண்டு நிமிடம் செய்து பாருங்கள், தோள் கழன்றுவிடும்போல இருக்கும். மருத்துவ வேலை என்பது உடம்பு உழைக்கும் வேலையும்தான் என்பது அப்போது புரியும்.

படி 7: கல்லூரியைச் சோதியுங்கள்

பேருந்து நிலையச் சுவரில் "ஒரு வருட நர்சிங், நூறு சதவீத வேலை" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் அரசு வேலைக்குத் தேர்வு நடத்தும் எம்.ஆர்.பி. பக்கம் போகவே முடியாது, வெளிநாட்டுக்கும் முடியாது. பணத்தையும் இரண்டு வருடத்தையும் இழந்து வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்த கோபத்தில் சொல்கிறேன்: அட்மிஷன் பணம் கட்டும் முன் கட்டாயம் சோதியுங்கள்.

பட்டப்படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) பட்டியல். நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சிலும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலும். மருந்தியலுக்கு ஃபார்மசி கவுன்சில். கல்லூரிக்குச் சொந்தமாக மருத்துவமனை இருக்கிறதா, அங்கே நோயாளிகள் உண்மையில் வருகிறார்களா என்று ஒரு வார நாளில் நேரில் போய்ப் பாருங்கள். நோயாளி இல்லாத மருத்துவமனையில் எதைப் பயில்வது?

படி 8: பணமும் மாற்று வழியும்

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் போன்ற படிப்புகளில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும், நடுவில் மாறினால் உரிமை போய்விடும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மேற்படிப்புக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய், டிப்ளமோவுக்கும் உண்டு.

டிப்ளமோவில் சேர்ந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஜெனரல் நர்சிங் முடித்தவர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து எம்.எஸ்சி. வரை போகலாம். டி.ஃபார்ம். முடித்தவர் பி.ஃபார்ம். இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். நீட்டை மறுபடி எழுதுவது பற்றி என் கருத்து: மார்க் ஓரளவு பக்கத்தில் வந்திருந்து, பிள்ளையே கேட்டால் ஒரு வருடம் கொடுங்கள். பெற்றோரின் ஆசைக்காக மூன்றாவது வருடமும் அறைக்குள் உட்கார வைப்பது கொடுமை.

படி 9: மே மாதத்துக்கு முன்பே

நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிற்றுக்கிழமை. பிளஸ் டூ ரிசல்ட்டும் மே மாதத்தில்தான். நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளின் விண்ணப்பம் அதை ஒட்டியே வரும், திறந்திருக்கும் நாட்களும் குறைவு. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், தேவைப்பட்டால் இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் ஜனவரியிலேயே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்துங்கள்.

விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போட்டாலும் உங்கள் சொந்த மின்னஞ்சலும் வீட்டில் எப்போதும் இருக்கிற போன் எண்ணும்தான் அதில் இருக்க வேண்டும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டால், ஒதுக்கீட்டு ஆணை வந்த செய்தி அவர் பெட்டிக்குத்தான் போகும். பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தை அம்மாவிடமும் காட்டி வையுங்கள்.