நிச்சயமின்மைக் கோட்பாடு: முதலில் விட வேண்டிய விளக்கம்

"எலக்ட்ரானைப் பார்க்க அதன்மேல் ஒளி பட வேண்டும். பட்டதும் எலக்ட்ரான் நகர்ந்துவிடும். அதனால்தான் இருப்பிடமும் உந்தமும் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு) ஒருசேரத் துல்லியமாகத் தெரிவதில்லை." கல்லூரி முடியும்வரை நானும் இப்படித்தான் நம்பியிருந்தேன். கேட்க அழகாக இருப்பதாலேயே இந்த விளக்கம் மனதில் ஒட்டிக்கொள்கிறது.

1927-இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் காமாக் கதிர் நுண்ணோக்கியைக் கற்பனை செய்து சொன்னது இது. அதே ஆண்டு இன்னோர் இயற்பியலாளரான கென்னார்ட் கணிதமாக நிறுவியது வேறு. இருப்பிடத்தின் திட்ட விலக்கத்தையும் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) உந்தத்தின் திட்ட விலக்கத்தையும் பெருக்கினால், பிளாங்க் மாறிலியை (குவாண்டம் இயற்பியலின் மிகச் சிறிய அடிப்படை எண்) 4π-ஆல் வகுத்த அளவுக்குக் கீழே போகாது. ஒரே மாதிரி தயாரித்த பத்தாயிரம் எலக்ட்ரான்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் இருப்பிடத்தை மட்டும், மீதியில் உந்தத்தை மட்டும் அளந்து பாருங்கள். எந்த எலக்ட்ரானையும் இரண்டு முறை தொடவில்லை. ஓர் அளவீடு இன்னொன்றைக் கெடுக்க வழியே இல்லை. அப்போதும் அந்தச் சிதறல் அப்படியே இருக்கும்!

காரணம் எலக்ட்ரானின் அலைத்தன்மை. ஒலியலையோடு ஒப்பிட்டால், இருப்பிடம் ஒலி எழும் கணம்போல, உந்தம் அதன் சுருதிபோல. ஒரு கைதட்டு எந்தக் கணத்தில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். அதன் சுருதி என்ன என்றால் பதில் இல்லை. தம்பூராவின் சுருதி தெளிவு. ஆனால் அந்த நாதம் ஒரு கணத்தில் அடங்காது. இது காதின் குறை இல்லை, ஒலியின் இயல்பு. அளவிடுதல் துகளைப் பாதிக்கும் என்பதும் உண்மைதான், ஆனால் அது தனிக் கேள்வி. அதற்கு 2003-இல் ஒசாவா என்ற ஆய்வாளர் வேறொரு சமனிலியையே தந்தார்.

அடுத்தது, "இரண்டுக்கும் துல்லியமான மதிப்பு உண்டு, நமக்குத்தான் தெரியவில்லை" என்பது. வழக்கமான குவாண்டம் கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. இயற்பியலாளர் டேவிட் போமின் மாற்று விளக்கத்தில் துகளுக்கு எப்போதும் ஓர் இருப்பிடம் உண்டு என்பது சரி. ஆனால் அது நிச்சயமின்மையிலிருந்து தானாக வரும் முடிவல்ல, தனியாகச் சேர்க்கும் கருத்து.

எனக்கு அதிக வருத்தம் தருவது 'ஆற்றல் கடன்' கதை: வெற்றிடம் கொஞ்ச நேரத்துக்கு ஆற்றலைக் கடன் வாங்கித் திருப்பித் தருகிறதாம். ஆற்றல் அழிவின்மை ஒரு கணம்கூட மீறப்படுவதில்லை. இந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஆற்றலுக்கும் நேரத்துக்கும் சொல்லப்படும் நிச்சயமின்மைத் தொடர்பு. அதில் வரும் நேரம், இருப்பிடம்போல அளக்கப்படும் ஒரு பண்பும் அல்ல. 1945-இல் இயற்பியலாளர்கள் மண்டெல்ஸ்டாமும் டாமும் காட்டியதுபோல, ஓர் அமைப்பு கண்டுகொள்ளும் அளவுக்கு மாற எடுத்துக்கொள்ளும் காலம் அது. விரைவில் சிதையும் நிலையின் நிறமாலைக் கோடு (அது வெளியிடும் ஒளியைப் பிரித்தால் தெரியும் கோடு) அகலமாக இருப்பது இதனால்தான்.

அப்புறம், கிரிக்கெட் பந்துக்கு இதைப் பொருத்திப் பேசுவது. பந்தின் இருப்பிடத்தை ஒரு மைக்ரான் வரை குறித்தாலும் வேகத்தில் வரும் சிதறல் எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு சிறியது. அணு அளவிலான இடத்துக்குள், அதாவது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்குள், எலக்ட்ரானை அடக்கினால் அதே சிதறல் குறைந்தது நொடிக்கு 580 கிலோமீட்டர். இன்னும் நெருக்கினால் இன்னும் கூடும். ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் அணுக்கருவுக்குள் ஒடுங்கிவிடாமல் இருப்பது இதனால்தான். அதை யாரும் அளந்துகொண்டிருக்கவில்லை.