விளம்பத்தில் எங்கே பிழை விடுகிறோம்?

இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தோட்டத்து வீட்டு வரிசைதான். கர்நாடக சங்கீத வகுப்பில் அதே சொல் வந்தால், தாளத்துக்கு இன்னொரு பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாளம் கையில் போடும் எண்ணிக்கை. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சீராக விடும் இடைவெளிதான் லயம். அது நீண்டால் விளம்பம், நடுத்தரமானால் மத்திமம், குறுகினால் துரிதம். விளம்பத்தைச் சௌக்கம் என்றும் சொல்வோம்.

நான் அதிகம் திருத்தும் பிழை, காலத்தையும் லயத்தையும் குழப்புவது. தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் பாடும்போது முதற்காலத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 8 ஸ்வரம், இரண்டாங்காலத்தில் 16, மூன்றாங்காலத்தில் 32. கை மட்டும் மாறவே கூடாது. மூன்றாங்காலம் வந்ததும் குரலோடு கையும் ஓடினால், அது மூன்றாங்காலமே அல்ல. ஒரு பிள்ளையைத் தாளம் மட்டும் போடவிட்டு இன்னொரு பிள்ளையைப் பாடச் சொல்வேன். இரண்டு கிழமையில் சரியாகிவிடும்.

‘இரண்டு களை’யை இரண்டாங்காலம் என்று பரீட்சைத் தாளில் எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் நேர் எதிர். காலம் கூடினால் ஸ்வரங்கள் நெருங்கும். களை கூடினால் தாளம் விரியும். இரண்டு களை ஆதியில் ஒவ்வொரு எண்ணிக்கையையும் இருமுறை போடுவோம், 8 என்பது 16 ஆகும். சௌக்கமான கீர்த்தனைகளுக்கு அந்த இடம் வேண்டும். கீர்த்தனைகள் இயற்றிய முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) விளம்பக் கீர்த்தனை பலவற்றில் மத்திமகால சாகித்தியம், அதாவது இருமடங்கு நெருக்கமாகச் சொற்கள் வரும் பகுதி, வைத்திருக்கிறார். அங்கே சொற்கள்தான் நெருங்குகின்றன. தாளத்தை முடுக்கினால் அவர் கட்டிய அழகு குலைந்துவிடும்.

அப்புறம் மூச்சு. என் மனம் அதிகம் நோவது இங்கேதான். ‘முரு’ என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘கா’ என்று முடிக்கிறார்கள். எங்கே மூச்சு எடுப்பது என்பதைப் பாடத் தொடங்குமுன்பே சாகித்தியத்தில் (பாட்டின் சொற்களில்) குறித்துக்கொள்ளுங்கள். கார்வையை, அதாவது ஒரு ஸ்வரத்தில் நீண்டு நிற்பதை, வெறும் நீட்டலாகவும் விடக்கூடாது. ராகத்துக்கு உரிய அசைவு அந்த இடத்தில்தான் கேட்கும். நுவரெலியாக் குளிரில் விடியற்காலை தொண்டை இறுகியிருந்தால் பிள்ளையை வருத்தாதீர்கள். மந்திர ஸ்தாயியில் (கீழ்ச் சுருதி ஸ்வரங்களில்) சிறிது நேரம் பிடித்துவிட்டு வரட்டும்.

கோயில் வகுப்புக்கும் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் ஒரே பிள்ளை போவது இங்கே வழக்கம். அங்கே வரும் இத்தாலியச் சொற்கள் எல்லாவற்றுக்கும் ‘மெதுவாக’ என்றே பொருள் எழுதுகிறார்கள். லார்கோ என்றால் அகலமாக. லார்கெட்டோ அதன் சின்ன வடிவம், அதனால் சற்று விரைவு. அடாஜியோவுக்கு நம்முடைய ‘ஆறுதலாக’ என்பதே பொருந்தும். வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிகளில் அதற்கு நிமிடத்துக்கு 66–76 தட்டு என்று அச்சிட்டிருப்பதைச் சட்டமாகக் கொள்ள வேண்டாம். மெல்ட்ஸெல் அந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றது 1815இல். சொற்கள் அதற்கு முன்பே புழங்கியவை. அந்தாந்தே நடக்கிற வேகம். அதையும் இழுத்துப் பாடினால் பாட்டு வழியில் நின்றுவிடும்.