மலை மேல் கடை போடுகிறீர்களா? முதலில் பின்வாசலைக் கவனியுங்கள்

கொடைக்கானலில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். கடை திறந்த புதிதில் உரிமம், கேஸ், மாஸ்டர் சம்பளம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டேன், குப்பைக்கு மட்டும் போடவில்லை. பின்வாசலில் கட்டி வைத்த எச்சில் இலை மூட்டையை ஒரு ராத்திரி காட்டுமாடு குத்திக் கிழித்துவிட்டது. விடிந்தால் தெரு முழுக்க எங்கள் கடைப் பெயர் போட்ட டிஷ்யூ. எதிர்வீட்டு அக்கா கேட்டதை இங்கே எழுத முடியாது. அதற்கப்புறம் தட்டுத் தடுமாறிக் கற்றதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

1. ஒரு வாரம் எடை போடுங்கள்

ஒரு கொக்கித் தராசு போதும். ராத்திரி கடை சாத்தும்போது ஈரக்குப்பை எவ்வளவு, காய்ந்த குப்பை எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். சராசரியாக நாளுக்கு 100 கிலோவைத் தொட்டால், அதிக அளவில் கழிவு உருவாக்குவோர் என்ற பிரிவில் நீங்கள் வருவீர்கள், தனிப் பொறுப்புகளும் சேர்ந்து வரும். சின்னக் கடைகள் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் பிரிக்காமல் கொட்ட யாருக்கும் அனுமதி இல்லை.

2. உள்ளே வருவதைக் குறையுங்கள்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் மீதான தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது. கேரி பேக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இரண்டில். ஒன்று, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப். இன்னொன்று, துணி மாதிரியே இருந்தாலும் பிளாஸ்டிக் இழையால் ஆன நெய்யாத பை. அதைத் துணிப்பை என்று நினைத்து நானே ஒரு கட்டு வாங்கியிருக்கிறேன். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் உண்டு. கண்ணாடி டம்ளரும் ஒரு குடிநீர் கேனும் வைத்தால் தலைவலி பாதி குறையும்.

3. நான்கு தொட்டி

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் நான்காக்கிவிட்டன: ஈரம், உலர், நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, அப்புறம் பல்பு, பேட்டரி, பெயிண்ட் டப்பா, காலாவதி மருந்து ஆகியவை சேரும் தனிக் கவனக் கழிவு. தொட்டியைக் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். கூட்ட நேரத்தில் எந்த மாஸ்டரும் நாலடி நடந்து போய்ப் பிரிக்கமாட்டார்.

4. ஈரக்குப்பை

மலையில் கஷ்டமான பாகம் இதுதான். சமவெளியில் ஒன்றரை மாதத்தில் மக்குவது இந்தக் குளிரில் எங்கள் டிரம்மில் மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கிறது. அதனால் ஒரு டிரம்மை நம்பாதீர்கள், மூன்று வையுங்கள். ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், மற்றவை மக்கிக்கொண்டிருக்கும்.

டிரம்மின் பக்கங்களில் ஓட்டை போட்டு, அடியில் செங்கல் வைத்து நிறுத்துங்கள். ஒரு பங்கு ஈரக்குப்பைக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு போடுங்கள். சில்வர் ஓக் சருகு நல்லது. பைன் ஊசி இலை சும்மா கிடைக்கிறதே என்று அள்ளாதீர்கள், அது லேசில் மக்காது. காய்கறிக் கழிவைப் பொடியாக வெட்டிப் போட்டால் குளிரிலும் டிரம் உள்ளே சூடேறும். பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும், ஒழுகினால் சருகு போதவில்லை என்று அர்த்தம். மழைக்காலத்தில் மேலே தகரக்கூரை அவசியம்.

மூடியைக் கம்பி போட்டுப் பூட்டுங்கள். இங்கே காட்டுமாடு, காட்டுப்பன்றி, குரங்கு. நீலகிரிப் பக்கம் கோத்தகிரி, குன்னூரில் கரடியே கடைக் கதவை உடைத்து வருகிறது. இறைச்சி, மீன் கழிவை டிரம்மில் போடவே வேண்டாம். அதைத் தனியாக மூடி வைத்து நகராட்சி வண்டியில் கொடுங்கள்.

5. பொரித்த எண்ணெய்

பாமாயிலைச் சிங்க்கில் ஊற்றினால் கொடைக்கானல் குளிரில் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். பிளம்பருக்கு நான் கொடுத்த பணம் அனுபவப் பாடம்! எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெய் கெட்டுச் சேரும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் உணவுப் பாதுகாப்பு விதி. கறுத்து, நுரைத்து, சீக்கிரம் புகைந்தால் எடுத்துவிடுங்கள். கேனில் சேர்த்து, பயோடீசலுக்கு வாங்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டும் கொடுங்கள். மலிவாகக் கேட்டுச் சைக்கிளில் வருகிறவரிடம் கொடுத்தால், அது வேறொருவர் வாணலிக்குப் போகலாம்.

6. காயலாங்கடை

அட்டை, பாட்டில், டின் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள், விலையும் கூடக் கிடைக்கும். பல்பு, பேட்டரி, பழைய மிக்சி மோட்டார் ஆகியவற்றை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள். கொடைக்கானல்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில், தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் கிடந்தது. அந்த ஆண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. கடைக்காரருக்கு விற்றாயிற்று, நம் கை கழுவியாயிற்று என்பது செல்லாது. பேட்டரி, மின்னணுக் கழிவை, அந்தப் பொருளை நீங்கள் வாங்கிய கடையிலோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுத்து ரசீது வாங்குங்கள்.

7. கொளுத்தாதீர்கள்

குளிர் காய்கிறோம் என்று பையன்கள் அட்டையோடு பிளாஸ்டிக்கையும் போடுவார்கள். திறந்த வெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவு என்றால் 25,000 ரூபாய் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது.

8. நோட்டு

தேதி, எடை, யார் எடுத்துப்போனார்கள், ரசீது எண். இவ்வளவுதான். நகராட்சிக் கட்டண ரசீதையும் அதிலேயே ஒட்டுங்கள். சுகாதார ஆய்வாளர் வந்தால் நோட்டை நீட்டிவிட்டு நீங்கள் பரோட்டா போடலாம். போன வருடக் கணக்கைப் புரட்டினால் ஏப்ரல், மே சீசனில் எடை இரட்டிப்பானது தெரியும், அதைப் பார்த்து மார்ச்சிலேயே நாலாவது டிரம்முக்குச் சொல்லி வையுங்கள்.