கேசினோ வெள்ளி டாலர்: சுருளின் முனையில் மயங்காதீர்கள்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள ரீனோவில் ஒரு நாணயக் கண்காட்சி. பழைய வெள்ளி டாலர்களை அடுக்கிச் சுற்றிய, பழுப்பேறிய காகிதச் சுருள் ஒன்றை ஓர் இளைஞர் கீழே வைப்பதும் மறுபடி எடுப்பதுமாக நின்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன்.

எடை 26.73 கிராம் இருக்கிறதா, காந்தம் ஒட்டுகிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரிக்காத சுருள்

நெவாடாவின் சூதாட்ட விடுதிகளான கேசினோக்களில் 1960களின் தொடக்கம் வரை வெள்ளி டாலர் சாதாரணப் புழக்கத்தில் இருந்தது. 1964 மார்ச்சில் அமெரிக்கக் கருவூலம் அதை வழங்குவதை நிறுத்தியது. கேசினோக்கள் டாலருக்குப் பதிலான சொந்த வில்லைகளுக்கு மாறின. விற்பவரின் கதை அங்கே தொடங்குகிறது: மூடிய கேசினோ ஒன்றின் பெட்டகம், யாரும் பிரித்துப் பார்க்காத சுருள்கள், சுருளுக்கு இருபது நாணயம். ஒரு முனையில் கழுகுப் பக்கம் தெரியும்; மாலைக்குக் கீழே கார்சன் சிட்டி நாணயச்சாலையின் 'சிசி' குறி.

நான் மூன்று சுருள் வாங்கினேன். அந்த மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. வீட்டுக்கு வந்து பிரித்தால், உள்ளே முகம் மழுங்கிய 1921 மோர்கன்களும் 1922 பீஸ் டாலர்களும்; இரண்டும் வெள்ளி டாலர் வகைகள். அந்த இரு ஆண்டுகளிலும் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியவை அவை. முனையிலிருந்த 'சிசி' நாணயத்தைத் திருப்பினேன். மறுபக்கத்தில் இருக்கும் சுதந்திர தேவியின் கன்னத்தில் யாரோ ஆணியால் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கீறியிருந்தார்கள். கழுகு ஏன் வெளியே பார்த்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்றும் எரிச்சலூட்டுவது ஏமாற்றியவர் அல்லர், கணக்குப் போடாத நான். மோர்கன் டாலர்களில் கார்சன் சிட்டியில் அடித்தவை நூற்றுக்கு இரண்டு அளவில்தான். அந்த மேசையிலோ ஏறக்குறைய எல்லாச் சுருளின் முனையிலும் 'சிசி'! யாரும் பிரிக்காத சுருளில் இது எப்படி அமையும்? 1980இல் வெள்ளி விலை அவுன்ஸுக்கு ஐம்பது டாலரை நெருங்கியபோது நாடு முழுவதும் அலமாரிகளைக் குடைந்தார்கள். சூதாட்ட ஊரில் மட்டும் ஒருவரும் சுருளைப் பிரிக்கவில்லை என்று நம்பியவன் நான்.

பெயருக்குக் கொடுக்கும் பணம்

ரீனோவின் லவீர் ரெட்ஃபீல்டு 1974இல் இறந்தபின் அவர் வீட்டிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் வெளிவந்தன. அவர் கேசினோ முதலாளி அல்லர். லாஸ் வேகாஸின் ஹார்ஸ்ஷூ கேசினோ குடும்பத்தைச் சேர்ந்த டெட் பினியன் நெவாடாவின் பாரம்ப் ஊரில் தன் வெள்ளிக் குவியலுக்கு நிலத்தடிப் பெட்டகம் கட்டியிருந்தார், இறந்தது 1998இல். இந்தக் குவியல்களின் பெயர் பொறித்த சான்றிதழ் உறையோடு வருபவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். வாய்மொழியாக 'பினியன் காசு' என்றால், அதற்கு வெள்ளியின் விலைதான். ரெட்ஃபீல்டு நாணயங்கள் பலவற்றில் எண்ணும் இயந்திரம் இழுத்த கீறல்கள் உண்டு. புழங்காத நாணயம் என்றாலும் கன்னத்தைப் பாருங்கள்.

புளி போட்டுத் துலக்குவது

வேண்டாம்.

கறுப்புப் பெட்டியை உடைப்பது

1972-74இலும் 1980இலும் அமெரிக்க அரசே கார்சன் சிட்டி டாலர்களைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து விற்றது. பெட்டியும் சேர்ந்துதான் விலை.

அந்த இளைஞரிடம், பணம் கொடுக்கும் முன் சுருளைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். கேட்டார். "பிரித்தால் மதிப்புப் போய்விடும்" என்றார் விற்பவர். இளைஞர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, இரண்டு சுருள் வாங்கிக்கொண்டு போனார்.