வீசை, பலம், தோலா: பழைய எடையைக் கிலோவுக்கு மாற்றுவது எப்படி?

பழைய கணக்கு நோட்டையோ சித்த வைத்திய நூலையோ புரட்டினால் ‘3 வீசை’, ‘5 பலம்’, ‘ஒரு ரூபாயெடை’ என்றுதான் எழுதியிருக்கும். இந்தியாவில் எடை அளவைச் சட்டம் 1956-ல் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கிலோ கொஞ்சம் கொஞ்சமாகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய தாள் எதைத் தொட்டாலும் இந்தச் சிக்கல் உண்டு. இதற்காகப் பெரிய அட்டவணை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு எண் போதும்: ஒரு பலம் 35 கிராம்.

முதலில் அளவுகளை வரிசைப்படுத்துங்கள்

சென்னை மாகாணத்தில் புழங்கிய வரிசை இது:

3 தோலா = 1 பலம்
8 பலம் = 1 சேர்
5 சேர் = 1 வீசை (அதாவது 40 பலம்)
8 வீசை = 1 மணங்கு
20 மணங்கு = 1 பாரம்

தோலா என்பது 11.6638 கிராம். வெள்ளைக்காரர் காலத்து வெள்ளி ஒரு ரூபாய் நாணயமும் இதே எடைதான். அதனால் ‘ரூபாயெடை’ என்று கண்டால் ஒரு தோலா என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று தோலா 34.99 கிராம் வரும். அதைத்தான் 35 என்று வைத்துக்கொள்கிறோம். சேர் 280 கிராம், வீசை 1.4 கிலோ, மணங்கு 11.2 கிலோ, பாரம் 224 கிலோ என்று மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

எல்லாவற்றையும் பலமாக்குங்கள்

ஒரு கணக்கில் ‘2 மணங்கு 3 வீசை 20 பலம்’ என்று இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கிலோவாக்கிக் கூட்டினால் தசமப் புள்ளிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். மேலிருந்து கீழே இறங்கி வருவது சுலபம்.

2 மணங்கு என்றால் 16 வீசை. அதோடு 3 சேர்த்தால் 19 வீசை. 19-ஐ 40-ஆல் பெருக்கினால் 760 பலம். மிச்சமிருக்கும் 20-ஐயும் சேர்த்தால் 780 பலம்.

இப்போது 35-ஆல் பெருக்குங்கள்

780 × 35 = 27,300 கிராம், அதாவது 27.3 கிலோ. மனக்கணக்காகப் போட வேண்டுமானால் 70-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள். 35-க்குப் பதில் 34.9914 போட்டுத் துல்லியமாகப் பார்த்தாலும் 27,293 கிராம்தான் வருகிறது. ஏழு கிராம் வித்தியாசத்துக்காகக் கால்குலேட்டரைத் தேட வேண்டாம்.

எந்த ஊர்ச் சேர்?

உண்மையில் ஆட்கள் சறுக்குவது பெருக்கலில் அல்ல, இங்கேதான். நம் பக்கத்துச் சேர் 24 தோலா, 280 கிராம். பிரிட்டிஷ் இந்திய அரசு தரப்படுத்திய சேரோ 80 தோலா, 933 கிராம். மூன்று மடங்குக்கும் மேல்! மணங்கும் அப்படியே: அங்கே 40 சேர் ஒரு மணங்கு, 37.32 கிலோ. இணையத்தில் கிடைக்கும் பல மாற்றிகள் இந்தப் பெரிய மணங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். தஞ்சாவூர்க் கணக்கை அதில் போட்டால் விடை எங்கேயோ போய் நிற்கும்.

போதாததற்குச் சென்னையிலேயே மணங்கை 25 ராத்தல் என்று கணக்கிட்டதும் உண்டு. ராத்தல் என்பது பவுண்டு, 453.6 கிராம். அந்தக் கணக்கில் மணங்கு 11.34 கிலோ. மேலே போட்ட உதாரணம் இதன்படி 27.64 கிலோ ஆகிவிடும். கிட்டத்தட்டக் கால் வீசை கூடுதல். எந்த மணங்கு என்று தாளிலேயே குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு விடையையும் எழுதி வையுங்கள், அதுதான் நேர்மை.

பின்னங்களிலும் கண் வேண்டும். ‘அரைக்கால் வீசை’ என்றால் எட்டில் ஒரு பங்கு: 5 பலம், 175 கிராம். ‘வீசம்’ பதினாறில் ஒரு பங்கு என்ற பின்னம்; அது வீசை இல்லை. அவசரத்தில் படித்தால் வீசமும் வீசையும் ஒன்றுபோலத் தெரியும்.

கிலோவிலிருந்து திரும்பி வருவது

10 கிலோவை மாற்றுவோம். 10,000-ஐ 35-ஆல் வகுத்தால் 285 பலம், மீதி 25 கிராம். 285-ல் ஏழு நாற்பது போக 5 பலம் மிச்சம். 25 கிராமில் 2 தோலா அடங்கும். ஆக, 7 வீசை 5 பலம் 2 தோலா. சுமார் 1.7 கிராம் மட்டும் தொங்கும், விட்டுவிடலாம். இவ்வளவு கூட வேண்டாம், தோராயம் போதும் என்றால் 5 வீசை 7 கிலோ என்று நினைவில் வையுங்கள். எனக்குப் பெரும்பாலும் இதுவே போதுமாயிருக்கிறது.

இந்த வரிசையில் சேராதவை

பவுன் இப்போது 8 கிராம். அவுன்ஸ் என்றால் சாதாரணப் பொருளுக்கு 28.35 கிராம், தங்கம் வெள்ளிக்கு 31.1 கிராம். இலங்கைத் தமிழர் சொல்லும் அந்தர் 112 ராத்தல், 50.8 கிலோ.

மருந்துக் குறிப்புகளில் வரும் குன்றியெடையை இன்று சுமார் 130 மில்லிகிராம் என்று கொள்கிறார்கள். ஆனால் அது குன்றிமணி விதையை வைத்து நிறுத்த எடை. விதைக்கு விதை மாறும். கணக்குக்காக மாற்றுவது சரி, அந்த விடையை நம்பி நீங்களே மருந்து கலக்க வேண்டாம்.

அப்புறம் ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால், கலம். இவை முகத்தல் அளவுகள், எடையே அல்ல. ஒரு படி நெல்லும் ஒரு படி அரிசியும் தராசில் ஒரே எடை காட்டாது. என்ன பொருள் என்று தெரியாமல் ‘ஒரு படி எத்தனை கிலோ?’ என்று கேட்டால் அதற்கு விடை கிடையாது. பொருள் கைவசம் இருந்தால் ஒரு படி அளந்து தராசில் வைத்துப் பாருங்கள். அந்த எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள்.